குரக்கன் புட்டும் முதற்பால் இல்லாத சொதியும்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கை இலை பச்சைப்பசேலென்று கிடைக்கிற நாளில் இதைச் செய்யுங்கள். குரக்கன் (கேழ்வரகு) மா 1 கப், வறுத்த சிவப்பரிசி மா 1 கப், உப்பு அரைத் தேக்கரண்டி. இளஞ்சூட்டு நீரைத் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் குரக்கன் களியாகிவிடும்; பிறகு பேணி (தகரக் குவளை) விளிம்பால் எவ்வளவு கொத்தினாலும் உதிராது. பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். தேங்காய்ப்பூ அரைக் கப் போதும். மிச்சத் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக நறுக்கிய முருங்கை இலை ஒரு கைப்பிடி. நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியில்) அமுக்காமல் நிரப்பி 12 நிமிடம் அவியுங்கள்.

சொதிக்கு (தேங்காய்ப்பால் குழம்புக்கு) 2 மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பை மசிய அவித்து தேங்காய்ப்பூவை இரண்டாம் முறை பிழிந்த இரண்டாம் பாலில் கரையுங்கள். முதல் பிழிவில் வரும் முதற்பாலின் தடிப்பு அப்படியே வரும், வயிறும் நிறையும். தேசிக்காய் (எலுமிச்சை)ப் புளியை அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள். கொதிக்கையில் விட்டால் பால் திரைந்துவிடும்.