கையில் ரசீது: இத்தாலி நாட்குறிப்பு

செப்டம்பர் 17

வந்த களைப்பு தீரவில்லை, அதற்குள் அடுத்த வேலை. விசா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் வருகிறோம். அது உள்ளே நுழைவதற்குத்தான். படிக்க வந்து மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால், வந்த எட்டு வேலை நாட்களுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி சோஜ்ஜோர்னோ’வுக்கு, அதாவது தங்கும் அனுமதிக்கு, விண்ணப்பித்தாக வேண்டும். இன்று தபால் அலுவலகத்தில் அதற்கான கிட் வாங்கினேன். மஞ்சள் பட்டை போட்ட பெரிய கவர், உள்ளே படிவங்கள். இது இலவசம்தான். ஆனால் ‘ஸ்போர்தெல்லோ அமீக்கோ’ என்ற சிறப்புச் சேவைக் கவுண்டர் இருக்கிற அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

செப்டம்பர் 18

படிவம் 1 மட்டும் எனக்கு. படிவம் 2 வருமானம் காட்ட வேண்டியவர்களுக்கு. கறுப்பு மை, பெரிய எழுத்து, கட்டத்துக்கு ஒரு எழுத்து. இன்ஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்குக் குடும்பப் பெயர் கட்டம்தான் தலைவலி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிடுவது நல்லது.

வரி எண்ணும் கேட்கிறார்கள், ‘கோதிச்சே ஃபிஸ்காலே’. எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள். குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, பெயரிலிருந்து மூன்று, பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஒரு எழுத்து, தேதி, பிறந்த இடம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டிவிடுவார்கள். நான் 12ஆம் தேதி பிறந்தவள்; என் எண்ணில் 52 என்று இருக்கிறது. அடுத்து வரும் Z222 இந்தியாவைக் குறிப்பது. பெயரோ தேதியோ ஓரிடத்தில் மாறினால் எண்ணே வேறாகிவிடும். அதனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இத்தாலிய மொழி தெரியாமல் தவிப்பவர்கள் ‘பத்ரொனாத்தோ’ என்ற உதவி அலுவலகங்களுக்குப் போகலாம். அங்கே நிரப்பித் தருவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20

பாஸ்போர்ட் நகல், பல்கலைக்கழகக் கடிதம், பணத்துக்கான சான்று, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடுக்கியாயிற்று. அரசு சுகாதாரத் திட்டத்தில் சேர 2024 முதல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 700 யூரோ. நான் தனியார் பாலிசியோடு வந்தேன். கவரை ஒட்டப் போனபோது, ஆராய்ச்சி மாணவியான அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “ஒட்டிடாதேம்மா, கவுண்டர்ல உள்ளே பார்த்துட்டுத்தான் வாங்குவாங்க.”

செப்டம்பர் 23

கொடுத்துவிட்டேன்! 16 யூரோ வரி முத்திரையைப் புகையிலைக் கடையில் வாங்கினேன். ‘T’ என்று பலகை தொங்கும் கடை. அப்புறம் கவுண்டரில் 70.46 யூரோ: ஓராண்டு வரையிலான அனுமதிக்கு 40, அனுமதி அச்சாகி வரும் அட்டைக்கு 30.46. தபால் சேவைக்குத் தனியாக 30.

பதிலுக்கு வந்தது ஒரு சின்ன ரசீது. அதில் இருக்கிற எண்களை வைத்து விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறதென்று காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அட்டை வரும்வரை நான் இங்கே சட்டப்படி இருக்கிறேன் என்பதற்கு இந்தத் தாளும் பாஸ்போர்ட்டும்தான் சாட்சி. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிட்டேன். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் தாள் இது. நகலும் புகைப்படமும் எடுத்து வைப்பது அவசியம்.

நவம்பர் 8

“கார்டு வந்துச்சா?” அம்மா வாராவாரம் கேட்கிறார். வரவில்லை. இந்தக் காத்திருப்புதான் மனதை அரிக்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, எங்கே போனாலும் ரசீதை நீட்டி விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு வங்கியில், அட்டையோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு வங்கியில் ரசீதைப் பார்த்ததும் கணக்குத் திறந்தார்கள். ஓரிடத்தில் முடியாது என்றால் சோர்ந்து திரும்பிவிடக் கூடாது.

அக்காவின் நிலைமை இன்னும் சிக்கல். பழைய அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கும் ரசீதோடு இருக்கிறார். ஊருக்குப் போய் வரலாம், ஆனால் வழியில் வேறு ஷெங்கன் நாட்டில் (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) இறங்கி மாறக் கூடாது. டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வோம். தோஹா வழியாகப் போட்டிருக்கிறார்.

ஜனவரி 14

காவல்துறையின் குடியேற்றப் பிரிவில் நேர்காணல் என்று சொன்னாலும், கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை. நான்கு புகைப்படம், எல்லா அசல்களும், கைரேகை. ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைத்து உருட்டினார் அதிகாரி. என் விரல்கள் குளிரில் விறைத்திருந்ததால் ரேகை விழவில்லை. அவரே கையைத் தேய்த்துச் சூடாக்கிக் காட்டி, நிதானமாக மறுபடி எடுத்தார். அந்தப் பொறுமைக்கு நன்றி.

மார்ச் 27

அட்டை கைக்கு வந்தது. அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, வரி எண் எல்லாவற்றையும் பார்த்தேன். சரியாக இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்.

செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள், ஆக ஜூலையில். முதல் முறை புதுப்பிக்க மாணவர்கள் குறைந்தது ஒரு தேர்வாவது தேறியிருக்க வேண்டும், அடுத்த ஆண்டுகளில் இரண்டு. ஜூன் தேர்வுக்கு இரண்டு பாடங்களில் இன்றே பெயர் பதிந்துவிட்டேன்.