பஞ்சிம் மாதா கோயில் மணி எங்கேர்ந்து வந்துச்சு

டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்குப் பழைய கோவா போறதுன்னா எங்க தூத்துக்குடி பக்கம் நிறைய பேருக்கு நேர்ச்சை, 1542லயே நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தவராச்சே. ஆனா போறவங்க அவர் உடல் இருக்கிற பாம் ஜீசஸ் கோயில்ல கும்பிட்டுட்டு எதிர்ல இருக்கிற கதீட்ரலப் பாத்துட்டு அப்படியே பஸ் ஏறிடுறாங்க, பக்கத்து மேட்டுல அகஸ்தீன் சபை கோபுரம் நிக்கிறத யாரும் கண்டுக்கறதே இல்ல.

1602ல கட்டி முடிச்ச கோயிலு அது. இப்ப மிச்சம் இருக்கறது பாதி மணிக்கூண்டுதான், அதுவே 46 மீட்டர் உயரம், முழுக்க செம்புறாங்கல். 1835ல போர்ச்சுகல் அரசாங்கம் துறவற சபைகளையெல்லாம் கலைச்சுட்டாங்க, சாமியார்கள் கிளம்பிட்டாங்க, கவனிக்க ஆள் இல்லாம 1842ல கூரை இடிஞ்சு விழுந்து, 1931ல முகப்பும் கோபுரத்துல பாதியும் போயிடுச்சு. பீடம் இருந்த இடத்துல புல்லு முளைச்சுக் கிடக்கு, அங்க நின்னு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லாம வர மனசு வரல எனக்கு.

மணி மட்டும் தப்பிச்சுச்சு. முதல்ல அகுவாடா கோட்டை கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டு போயிருக்காங்க, பூசைக்குன்னு மந்திரிச்ச மணி அத்தன வருஷம் கோயிலே இல்லாம கடலப் பாத்துட்டு இருந்திருக்கு, அதக் கேட்டப்ப நெஞ்சு அடைச்சுடுச்சு. 1871லதான் பஞ்சிம் அமலோற்பவ மாதா பங்குக் கோயிலுக்கு வந்துச்சு. 1541ல சின்ன சிற்றாலயமா ஆரம்பிச்ச இடம், லிஸ்பன்லேர்ந்து உயிரோட வந்து சேந்த மாலுமிங்க இங்க வந்துதான் நன்றி சொல்லுவாங்களாம். இந்த மணிக்குன்னே முகப்பு நடுவுல கூண்டு எடுத்துக் கட்டிருக்காங்க. கோவாவிலயே இதவிடப் பெருசு கதீட்ரல்ல இருக்கிற, 'தங்க மணி'ன்னு பேர் வாங்குன மணி ஒண்ணுதான்.

வளைஞ்சு வளைஞ்சு ஏறுற வெள்ளைப் படிக்கட்டுல பாதி ஏறிட்டு இருக்கும்போது சாயங்கால மணி அடிச்சாங்க, போட்டோ எடுத்துட்டு இருந்த கூட்டத்துக்கு நடுவுல ஒரு வயசான அம்மா மட்டும் கூடைய இறக்கி வச்சுட்டு மூவேளை செபம் சொன்னாங்க, மொழி புரியலன்னாலும் நானும் கூடவே தமிழ்ல சொன்னேன்.

போறவங்க முதல்ல அந்த இடிஞ்ச கோபுரத்தப் பாத்துட்டு அப்புறம் பஞ்சிம் வாங்க. இங்க மாதா திருவிழா டிசம்பர் 8, சவேரியார் திருவிழாவுக்கு வர்றவங்க கூட கொஞ்ச நாள் தங்குனா ரெண்டையும் பாத்துடலாம்.