மதுரைப் பெண்ணும் ஒஹாயோ சொராரிட்டியும்

அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகிற பெண்கள் சிலர் என்னிடம் கேட்பது இது: "அக்கா, அந்த சொராரிட்டியில எல்லாம் நம்மளச் சேர்ப்பாங்களா? சேர்ந்தா என்ன பண்ணச் சொல்வாங்க?" சேர்ப்பார்கள். ஒஹாயோ மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நான் டெல்டா காமா என்ற சொராரிட்டியில் சேர்ந்து, படிப்பு முடியும்வரை அதில் இருந்தேன். வெளியே நின்று பார்த்தால் ஒரே மாதிரி சட்டை போட்டுக் கைதட்டிப் பாடுகிற பெண்கள்தான் கண்ணில் படுவார்கள். உள்ளே போனால், பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள் தாங்களே கணக்கு எழுதி, கூட்டம் நடத்தி, நிதி திரட்டி, ஒரு பெரிய வீட்டைக் கட்டி மேய்ப்பதைப் பார்க்கலாம். அந்த வேலைக்காகவே சேரலாம் என்பது என் அபிப்பிராயம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். கிரேக்க எழுத்துகளில் பெயர், நாடு முழுக்கக் கிளைகள். ஒவ்வொரு கிளையும் ஒரு சாப்டர். இத்தகைய சங்கங்களுக்குப் பொதுவான தேசியக் கூட்டமைப்பு 1902-இல் தொடங்கியது. நான் சேர்ந்தபோது அதில் 26 சங்கங்கள் இருந்தன. ஒன்றில் முறைப்படி சேர்ந்துவிட்டால் வாழ்நாள் உறுப்பினர். அப்புறம் அந்த 26-இல் வேறொன்றுக்கு மாற முடியாது. அதனால்தான் சேர்க்கை முறை அத்தனை நீளம்.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ராகிங் பற்றி. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், மறுவருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அம்மாவின் தலைமுறைக்கு மறக்கவே மறக்காது. அமெரிக்காவில் அதை ஹேசிங் என்கிறார்கள். அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அங்கும் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்களின் ஃப்ரட்டர்னிட்டிகளில். 2018-இல் இறந்த காலின் வயன்ட் என்ற மாணவரின் பெயரால் ஒஹாயோ 2021-இல் ஹேசிங் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. ஹேசிங் சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே எங்கே சேர்வதானாலும், அந்த சாப்டர்மீது முன்பு நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டதா என்று பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் முதலில் பாருங்கள். நான் பார்த்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் கூட்டமைப்பின் சாப்டர் வீடுகளுக்குள் மதுவுக்கு இடமில்லை என்பதைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் குரல் இறங்கியது.

சேர்க்கைக்கு ரெக்ரூட்மென்ட் என்று பெயர். பழைய ஆட்கள் ரஷ் என்பார்கள். பல இடங்களில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கும், சில இடங்களில் ஜனவரியில். முன்கூட்டியே இணையத்தில் பதிந்து சிறு கட்டணம் கட்ட வேண்டும். பதிந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சீனியரை வழிகாட்டியாகப் போடுவார்கள். அவரும் ஏதோ ஒரு சொராரிட்டிக்காரர்தான். ஆனால் அந்த நாட்களில் தன் சங்கத்திலிருந்து விலகி நிற்க வேண்டும், எது என்று சொல்லவும் கூடாது. எங்கள் வழிகாட்டி கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. காலில் கொப்புளம் வந்தால் ஒட்டப் பிளாஸ்திரி, குடிக்கத் தண்ணீர், அழுகிறவளுக்குத் தோள் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான்.

முதல் சுற்றில் எல்லாச் சங்கங்களின் வீடுகளுக்கும் போக வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே நெருக்கியடித்து நிற்கும் பெண்கள் ஒரே குரலில் பாடுவார்கள். முதல் முறை கேட்டபோது நெஞ்சு அதிர்ந்தது. ஒருத்தி வந்து கைகோத்து அழைத்துப் போவாள். சில நிமிடம் பேச்சு. பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து சேர்ந்துகொள்வாள், முதலாமவள் நழுவிவிடுவாள். இது தற்செயலாக நடப்பதல்ல. யார் யாரிடம் எப்போது போவது என்று வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார்கள். மறுவருடம் நானே அந்த ஒத்திகையில் நின்றேன், அதன் கஷ்டம் அப்போது புரிந்தது. ஆண் நண்பர்கள், குடி, அரசியல், மதம், பணம் இந்த ஐந்தையும் பேச்சில் தொடாதே என்று இரு தரப்புக்கும் சொல்லியிருப்பார்கள். மிச்சம் என்ன? ஊர், படிப்பு, கோடை விடுமுறையில் என்ன செய்தாய். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது ஒருவகையில் வசதி. மதுரை என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, கோயில் கோபுரத்தையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் பரோட்டாவையும் சொல்லத் தொடங்கினால் பேச்சு தானாக ஓடும்.

ஒரு வீட்டில் ஒருத்தி என் ஊரைக் கேட்டதிலிருந்து, எனக்குக் காது கேட்காதது போல உரக்கவும் மெதுவாகவும் பேசினாள். மறுநாள் என் பட்டியலில் அந்த வீடு இல்லை. எனக்கும் அங்கே போக மனமில்லை. ஆனால் பிடித்துப் போன வீடு பட்டியலிலிருந்து விழும்போது வலிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நாம் வீடுகளை வரிசைப்படுத்துவோம், வீடுகள் நம்மை வரிசைப்படுத்தும், இரண்டையும் கணினி பொருத்தும். காலையில் பட்டியல் கைக்கு வரும்போது அந்தக் கூடத்தில் தேம்பல் சத்தம் கேட்கும். இருபது நிமிடப் பேச்சை வைத்து யாரும் யாரையும் எடைபோட முடியாது என்பதைப் போகும்முன்பே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருப்பம் இரண்டாம் சுற்றில் வந்தது. அது சேவைச் சுற்று. ஒவ்வொரு சங்கமும் தான் எடுத்துக்கொண்ட பொதுப்பணியைப் பற்றிப் பேசும். கை ஓமேகா, கடும் நோயுள்ள குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றும் அமைப்புக்கு உழைக்கிறது. சீட்டா டௌ ஆல்ஃபா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு. டெல்டா காமா வீட்டில் பார்வை பற்றிப் பேசினார்கள். ரூத் பில்லோ என்ற பார்வையற்ற உறுப்பினர் எடுத்துச் சொல்லி, 1936-இல் பார்வையற்றோருக்கான பணியைச் சங்கம் முழுவதற்குமான வேலையாக ஏற்றார்களாம். அவர் ஒஹாயோவின் ஆக்ரன் சாப்டரைச் சேர்ந்தவர்.

எதிரே இருந்த பெண், உனக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டாள். எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்கே வந்த கண் முகாமில் பரிசோதித்து, பஸ்ஸில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், காசு வாங்காமல் கண்புரை எடுத்து, லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். அரவிந்தை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால்தான் அறுவை செய்தார். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அடுத்தவள் வந்து நின்றும் இவள் எழுந்து போகவில்லை. மூன்று பேருமாக அப்பத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்த வீடு வேண்டும் என்பது அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது.

மூன்றாம் சுற்றில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். அப்போது சமையலறையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், குறிப்பாகச் சைவம் சாப்பிடுபவர்கள். கடைசிச் சுற்று பிரிஃபரன்ஸ். அதிகபட்சம் இரண்டு வீடு. மெழுகுவத்தி, மெதுவான பாட்டு, ஒரே ஒருத்தியோடு நீண்ட பேச்சு. சீனியர்கள் தாங்கள் ஏன் இங்கே இருக்கிறோம் என்று சொல்லும்போது கண் கலங்குவார்கள். அது உண்மையான கலக்கம்தான், அவர்களுக்கு அது கடைசி வருடம். முடிந்த கையோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட வேண்டும். இதைக் கவனமாக வாசியுங்கள்: நீங்கள் எழுதிக் கொடுத்த வீடு உங்களை அழைத்து, நீங்கள் மறுத்தால், அதே வளாகத்தில் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை வேறு எதிலும் சேர முடியாது. நிச்சயம் சேரமாட்டேன் என்று நினைக்கும் வீட்டை எழுதாமல் விடலாம், ஆனால் ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பும் அதிகமாகும். எனக்கு அழைப்பு உறை வந்த நாளில், திறந்து பெயரைப் பார்த்ததும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் அந்த வீட்டை நோக்கி ஓடினேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் புது உறுப்பினர் காலம். அதில் சங்கத்தின் வரலாறு படித்தது எனக்குப் பெரிய சந்தோஷம். மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் பள்ளி; 1873 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்கிய மூன்று மாணவிகள், ஆன்னா பாய்ட், ஈவா வெப், மேரி கம்ஃபர்ட் லெனார்ட் தொடங்கியதுதான் டெல்டா காமா. முதல் சின்னம் ‘ஹோப்’, அதாவது நம்பிக்கையைக் குறிக்கும் ஹெச் என்ற எழுத்து. பிறகு அது நங்கூரமாக மாறியது. வடக்கே சங்கம் பரவ உதவிய ஜார்ஜ் பான்டா என்பவரை உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள், ஆண்களில் அவர் ஒருவர்தான். விடுமுறைக்கு வீடு போக முடியாத பிள்ளைகள் தொடங்கியது என்பது என் போன்றவர்களுக்கு வெறும் பாடமாக இருக்காது. தாங்க்ஸ்கிவிங்குக்கு வளாகமே காலியானபோது என்னோடு சேர்ந்த ஒருத்தி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் அம்மா எனக்காகத் தனியாக ஓர் அடுப்பில் காய்கறி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

பிக், லிட்டில் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புதியவளுக்கும் ஒரு மூத்தவள் அக்கா முறை ஆவாள். யார் என்று சொல்லாமல் முதலில் பரிசுகள் வரும். எனக்கு வந்த கூடையில், கொலம்பஸ் இந்தியக் கடை வரை போய்த் தேடி வாங்கிய முறுக்குப் பொட்டலம் இருந்தது. இப்படியே அக்காவின் அக்கா, தங்கையின் தங்கை என்று வம்சம் நீளும். முறைப்படி உறுப்பினராகும் சடங்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வெள்ளை உடை வேண்டும், அவமானமோ வலியோ அதில் இல்லை. இதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாரம் ஒரு மாலை எல்லோருக்குமான கூட்டம். தீர்மானம், வழிமொழிதல், வாக்கெடுப்பு என்று ஒழுங்காக நடக்கும். வராவிட்டால் காரணம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் சராசரி குறைந்தால் படிப்பு நேரம் கட்டாயம். நான் சேவைப் பொறுப்பை ஏற்றபோது ஆங்கர் ஸ்ப்ளாஷ் என் தலையில் வந்தது. நீச்சல் குளத்தில் நடக்கும் நிதி திரட்டும் போட்டி அது. ஃப்ரட்டர்னிட்டிப் பையன்கள் அணி அணியாக வந்து இசைக்கேற்பத் தண்ணீரில் நடனம் ஆட வேண்டும், அதற்கு எங்கள் பெண்கள் பயிற்சி கொடுக்க வேண்டும். குளத்தை வாடகைக்குப் பிடிப்பது, உயிர்காப்பாளர்களை ஏற்பாடு செய்வது, காப்பீட்டுப் படிவம், டிக்கெட் கணக்கு, கடைகளில் நன்கொடை கேட்பது என்று அந்தப் பருவமே அதில் கரைந்தது. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் போய், கூச்சமில்லாமல், என்ன வேலைக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்க அங்கேதான் பழகினேன். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது சத்தமில்லாத வேலைகள்: பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குத் துணியும் பஞ்சும் ஒட்டித் தொட்டு உணரும் புத்தகம் செய்வது, வாசித்துக் காட்டுவது. அதற்குப் புகைப்படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள், ஆனாலும் எங்கள் பெண்கள் வாராவாரம் வந்தார்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் சந்தா போகும், இடத்தைப் பொறுத்து. முதல் பருவத்தில் பேட்ஜ், சேர்க்கைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கூடுதலாக இருக்கும். சங்கத்தின் வீட்டில் ஒரு வருடமாவது தங்க வேண்டும் என்ற விதி பல சாப்டர்களில் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். பேச்சில் பணம் கூடாது என்பதால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். வழிகாட்டியிடம் கேட்டால் ஒவ்வொரு சாப்டரின் தொகையும் கிடைக்கும். தவணை வசதியும் பெரும்பாலும் உண்டு.

இந்தச் சங்கங்கள் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டுமே திறந்திருந்தன. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல்கூடக் கறுப்பினப் பெண்களை, படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்கள் தடுத்த செய்தியை மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டு வந்து, அதன் பிறகே கதவு திறந்தது. அதை வெளியே சொன்னவர்களில் உள்ளே இருந்த பெண்களும் உண்டு என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கதவு மூடியிருந்த காலத்திலேயே கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908, ஹோவர்ட் பல்கலைக்கழகம். நம் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்களுக்கென்றும் 1998-இல் ஆஸ்டினில் தொடங்கிய கப்பா ஃபை காமா போன்றவை இருக்கின்றன. இவற்றின் சேர்க்கை முறை நான் மேலே சொன்னதிலிருந்து வேறுபட்டது. அந்தந்த சாப்டரின் அறிமுகக் கூட்டத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் சேர்க்கையைத் தவறவிட்டவர்களும், விசா தாமதமாகி வந்து சேர்ந்தவர்களும் கவலைப்பட வேண்டாம். இடம் மிச்சமுள்ள சாப்டர்கள் வருடம் முழுவதும் ஆள் சேர்க்கலாம். பாட்டும் சுற்றும் இல்லாமல், ஒரு காபி குடித்துக்கொண்டே பேசிச் சேர்த்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகத்தில் இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் ‘கிரீக் லைஃப்’ அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எந்த சாப்டரில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள்.