ஹஷிமோட்டோ என்று கத்தாதே

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டோக்கியோ கொராக்குவென் ஹாலில் ரெஸ்லிங் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, தொண்டை கிழிய "ஹஷிமோட்டோ!" என்று கத்தினேன். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. முறைக்கவெல்லாம் இல்லை, சும்மா பார்த்தார்கள். ஜப்பானில் அதுவே அதிகம். கூட வந்திருந்த அலுவலக நண்பர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "டாய்ச்சின்னு கூப்பிடுங்க. ஹஷிமோட்டோன்னா ஒருத்தர்தான்" என்றார்.

ரிங்கில் நின்றவரின் முழுப்பெயர் டாய்ச்சி ஹஷிமோட்டோ. நான் கத்தியதில் தப்பே இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவர் அப்பாவுடையது.

இது எனக்குச் சட்டென்று புரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஆபீஸில் என்னை முருகேசன்-சான், அதாவது மிஸ்டர் முருகேசன், என்றுதான் கூப்பிடுவார்கள். முருகேசன் என் அப்பா. நமக்கு அப்பா என்பவர் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளி வைத்து அடக்கமாக நிற்கிறவர். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்துக் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் போட்டு வைத்தார்கள். ஜப்பானில் இறங்கியதும் அந்தக் கட்டம்தான் நான் என்று ஆகிவிட்டது. வங்கியில் முருகேசன், ஆஸ்பத்திரியில் முருகேசன், பார்சல்காரருக்கும் முருகேசன். முதல் ஒரு மாதம் கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன். கரூரில் பஸ் பாடி பட்டறையில் வெல்டிங் கண்ணாடியோடு நிற்கிற மனிதரை இங்கே யார் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும்.

சரி, அந்த ஒரே ஹஷிமோட்டோவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஷின்யா ஹஷிமோட்டோ 1965-ல் பிறந்தவர், கிஃபு மாகாணத்து தோக்கி ஊர்க்காரர். தோக்கி பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்தவருக்குக் கிடைத்த பட்டம் 'ஹக்காய்-ஓ', அதாவது அழிவின் அரசன். பீங்கான் கடைக்குள் காளை புகுந்த கதைதான். கருப்பு பேன்ட், நெற்றியில் வெள்ளைத் துணிக்கட்டு, பெல்ட்டுக்கு மேல் தள்ளிய தொப்பை. நம் ஊரில் பார்த்தால் கறிக்கடை முதலாளி என்று நினைப்போம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் உதைத்த உதை இருக்கிறதே! அப்புறம் கையை வாள் மாதிரி ஓங்கித் தோளில் குறுக்காக இறக்கும் ஒரு வெட்டு. புத்த பிட்சுவின் மேலாடை போகும் சாய்கோட்டில் விழுவதால் அதற்கு 'கெசாகிரி' என்று பெயர்.

நியூ ஜப்பான் என்ற ரெஸ்லிங் கம்பெனியில் 1984-ல் அறிமுகமான மூன்று பேர்: ஷின்யா ஹஷிமோட்டோ, கெய்ஜி முட்டோ, மசாஹிரோ சோனோ. தொண்ணூறுகள் இந்த மூவருடையவை. அதில் ஹஷிமோட்டோ 1996 ஏப்ரல் முதல் 1997 ஆகஸ்ட் வரை 489 நாள் தொடர்ந்து அந்தக் கம்பெனியின் உச்சப் பட்டமான ஐடபிள்யூஜிபியைக் கையில் வைத்திருந்தார். நாங்கள் இங்கே ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடிக்கொண்டிருந்த காலம். எங்களுக்குத் தெரிந்த ஒரே ஜப்பான்காரர் யோகோசுனா. அவர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவாக்காரர் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் ஹஷிமோட்டோவை மக்கள் நெஞ்சில் வைத்தது அந்த 489 நாள் இல்லை, தோல்விதான். பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜூடோ வெள்ளி வாங்கிய நவோயா ஒகாவா ரெஸ்லிங்குக்கு வந்து, 1999 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோம் மைதானத்தில் இவரை நிஜமாகவே போட்டு அடித்தார். பேசி வைத்த ஆட்டம் மாதிரி அது இல்லை. கடைசியில் முடிவே இல்லாமல் ஆட்டம் நின்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 7, மறுபடியும் அதே டோம். 'தோற்றால் உடனே ஓய்வு' என்பதையே நிகழ்ச்சிப் பெயராக்கி முக்கிய நேரத்தில் நாடு முழுக்க நேரடியாக ஒளிபரப்பினார்கள். தோற்றார், ஓய்வு என்றார். ரசிகர்களான சிறுவர்கள் ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்து அனுப்பி, திரும்பி வரச் சொன்னார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்தும் விட்டார்.

ஊரே பார்க்க அப்பா விழுந்த அந்த இரவில் டாய்ச்சிக்கு எட்டு வயது நிறைய ஒரு மாதம் பாக்கி.

2001 மார்ச் 2 அன்று ஹஷிமோட்டோ ஸீரோ-ஒன் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். முதல் நிகழ்ச்சி ரியோகோக்கு சுமோ அரங்கில். 2004 கடைசியில் அதிலிருந்தும் விலகினார். 2005 ஜூலை 11, யோகோஹாமாவில் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். நாற்பது வயது ஆகி எட்டு நாள். பையனுக்குப் பதின்மூன்று.

2011 மார்ச் 6. அதே ரியோகோக்கு அரங்கம், அதே ஸீரோ-ஒன் கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழா. பதினெட்டு வயது டாய்ச்சியின் முதல் ஆட்டம். எதிரில் யார் தெரியுமா? அப்பாவின் சிநேகிதர் சோனோ. நான் இதை யூடியூபில்தான் பார்த்தேன். பையன் ஒல்லி. ரசிகர்கள் எதிர்பார்த்த அகலம் அவன் முதுகில் இல்லை. சோனோ தயவு காட்டவில்லை, அதுதான் மரியாதை. பையன் உதைக்கிறான், அரங்கம் 'ஓ' என்கிறது. அந்த 'ஓ' உதைக்கு அல்ல, உதையில் தெரிந்த வேறொருவருக்கு. தோற்றான். அங்கே புதிதாக வருகிறவன் முதல் ஆட்டத்தில் தோற்பதுதான் வழக்கம். ஆனால் மற்ற புதியவர்கள் ஊர்ப்பக்கத்து ஜிம்மில், இருநூறு பேர் முன்னால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஐந்து நாளில் பெரும் பூகம்பமும் சுனாமியும் வந்தன. அதற்குப் பிறகு மல்யுத்தம் யாருக்கு ஞாபகம்?

இந்த இடத்தில் மிட்சுவோ மொமோட்டாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜப்பானில் இந்தத் தொழிலையே உண்டாக்கியவர் ரிக்கிடோசான். 1963 டிசம்பரில் அக்காசாக்காவின் இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்து வாங்கி, ஒரு வாரத்தில் இறந்தார். ஜயன்ட் பாபா, அன்டோனியோ இனோக்கி இருவருமே அவர் சிஷ்யர்கள். அந்த இனோக்கியின் சிஷ்யர்தான் ஹஷிமோட்டோ. ரிக்கிடோசானின் மகன் மிட்சுவோவுக்கு அப்போது பதினைந்து வயது. அவரும் மல்யுத்தத்துக்கு வந்தார், அப்பாவின் சிஷ்யர் பாபாவின் ஆல் ஜப்பான் கம்பெனியில் வருடக்கணக்கில் முதல் ஆட்டம் ஆடினார். ஆலமரத்தின் மகன், அதிலும் முதல் ஆட்டம். ஜனங்கள் பையை வைத்துவிட்டு நாற்காலி தேடும் நேரம் அது. நிகழ்ச்சி மாலை 6.30-க்குத் தொடங்கும் என்பதால் அவருக்கு 'ஆறரை மணிக்காரர்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. கேலியாகத் தொடங்கிய பெயர்தான். போகப் போக அதைச் சொல்லியே கைதட்டினார்கள். 1989-ல் நாற்பது வயதில் உலக ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் கிடைத்தது. இந்த இரண்டாம் தலைமுறைக்காரர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான். அப்பாவோடு போட்டிக்கே போகாமல், சீக்கிரமாக வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போனவர்.

டாய்ச்சிக்கு ஆறரை மணி கிடைக்கவில்லை. முதல் நாளே பெரிய அரங்கம். பிறகு ஸீரோ-ஒன்னை விட்டு இனோக்கியின் கம்பெனிக்குப் போனார். அதுவும் அப்பாவின் குருநாதர் வீடு, சுவரெல்லாம் தெரிந்த படங்கள். 2016-ல் பிக் ஜப்பானில் சேர்ந்தார். அது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. டியூப் லைட்டை உடைத்து முதுகில் தேய்த்துக்கொள்ளும் ஆட்டங்களுக்குப் பேர்போன கம்பெனி அது. கூடவே ஆயுதம் எதுவும் இல்லாமல், கனத்த உடம்புகள் மோதிக்கொள்ளும் 'ஸ்ட்ராங்' பிரிவு என்று ஒன்று தனியாக உண்டு. அந்த ஸ்ட்ராங் பட்டத்தை டாய்ச்சி வென்றிருக்கிறார். அது 2012-ல் உண்டான பெல்ட். அப்பா தொட்டிருக்கவே முடியாது.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன். நிஷி-கசாயிலிருந்து தோசாய் லைனில் ஈதாபாஷி, அங்கே மாறி ஒரே ஸ்டேஷன், சுய்தோபாஷி. ஹால் ஐந்தாவது மாடியில். லிஃப்டுக்குக் கூட்டம் என்று படியில் ஏறினோம். படிக்கட்டுச் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல். எங்களுக்கு முன் ஒரு டியூப் லைட் ஆட்டம் முடிந்திருந்தது. பையன்கள் துடைப்பத்தோடு வந்து கண்ணாடியைக் கூட்டினார்கள். வெள்ளைத் தூள் விளக்கு வெளிச்சத்தில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் டாய்ச்சி வந்தார். ஒல்லிப் பையன் இல்லை. தோளும் தொடையும் நிறைந்த ஆள், முழங்காலுக்குக் கீழே அவர்கள் 'லெகார்ஸ்' என்கிற உதைக் கவசம்.

எதிராளி பெயரை எழுதி வைத்த சீட்டைத் தொலைத்துவிட்டேன். டாய்ச்சியைவிடப் பெரிய உடம்பு. கையைப் பின்னால் கட்டி, நெஞ்சைத் தூக்கிக் காட்டி, அடி என்று நின்றார். டாய்ச்சி உதைத்தார். துவைக்கிற கல்லில் ஈர ஜீன்ஸை ஓங்கி அடித்த சத்தம். எதிராளி நகரவில்லை. மறுபடி அதே இடத்தில், அதே சத்தம். நாலாவது உதையில் வெள்ளை நெஞ்சில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பியது. அப்போதுதான் எழுந்து கத்தித் தொலைத்தேன்.

அடுத்த உதைக்கு "டாய்ச்சி!" என்று கத்தினேன். நண்பர் தலையாட்டினார். டாய்ச்சி என்றால் பெருநிலம் என்று பொருள் என்று பிறகு சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் வீரர்களே மேஜை போட்டுத் தங்கள் படம், துண்டு எல்லாம் விற்பார்கள். வரிசையில் நின்றேன். 'நான் உங்கள் அப்பாவின் பெரிய ரசிகன்' என்பதை ஜப்பானிய மொழியில் நாலைந்து தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், இலக்கணமெல்லாம் சரியாக. முறை வந்தது. கிட்டத்தில் பார்த்தால் வியர்வை காயாத, களைத்துப்போன ஓர் ஆள். "இன்னிக்கு உதை பிரமாதம்" என்று மட்டும் சொன்னேன். அதிலும் வினைமுற்றை விழுங்கிவிட்டேன். படத்தில் எழுதப் பெயர் கேட்டார்கள். மூன்று வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லியது: "முருகேசன்."

2021-ல் ஊர் திரும்பியபோது அந்தப் படமும் பெட்டியில் வந்தது. 2023 பிப்ரவரியில் முட்டோவின் கடைசி ஆட்டத்தை வீட்டில் நெட்டில் பார்த்தேன். அறுபது வயதில், முட்டி தேய்ந்து நொண்டிக்கொண்டு, நடுவில் கையை வாளாக ஓங்கி அந்தக் குறுக்குவெட்டை இறக்கினார். டோமில் எழுந்த சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கதையைச் சொல்லப் போய்ப் பெட்டியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினேன். இது யார் பெயர் என்று கேட்டார். உங்க பெயர்தான் என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ற பேரு ஏண்டா எழுதினான்? நான் அவனுக்கு என்ன பண்ணேன்?"