புகைத்திரளுக்கு அடியில் ஓட்டும் வண்டி

ஹவாயின் கிலாவேயா போன்ற எரிமலைகளில் தொலைவிலிருந்து வாயுவை அளப்பவர்கள் முதலில் தேடுவது கந்தக டை ஆக்சைடைத்தான். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் எரிமலையின் பங்கைப் பிரித்தெடுப்பது சிரமம். சுத்தமான காற்றில் கந்தக டை ஆக்சைடு அநேகமாக இல்லை. புற ஊதாக் கதிரை நன்றாகவும் உறிஞ்சும்.

வண்டியில் ஏற்றும் கருவி எளியது: வானை நேராகப் பார்க்கும் சிறு தொலைநோக்கி, ஒளியிழை, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் புற ஊதா ஸ்பெக்ட்ரோமீட்டர், ஜிபிஎஸ், மடிக்கணினி. மூடியைப் போட்டு இருள் நிறமாலை, அதாவது ஒளியே இல்லாதபோது கருவி காட்டும் பதிவு, எடுக்க வேண்டும். பிறகு புகைக்கு வெளியே தெளிந்த வானத்தில் ஒப்பீட்டு நிறமாலை. அதன்பின் காற்றுத் திசைக்குக் குறுக்காக, புகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்தைத் தாண்டும்வரை வண்டியை ஓட்ட வேண்டும். பாதியில் திரும்பினால் அந்த ஓட்டம் வீண். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஓசோனே புற ஊதாவைத் தின்றுவிடும் என்பதால் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்றுவரைதான் நல்ல நேரம்.

கணக்கைப் பாருங்கள். தலைக்கு மேலுள்ள புகையில் கந்தக டை ஆக்சைடு சராசரி 100 பிபிஎம்-மீட்டர் (செறிவு × புகையின் தடிமன்), அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.27 கிராம், என்று வையுங்கள்; புகையின் அகலம் 2 கி.மீ.; காற்று நொடிக்கு 7 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 320 டன். காற்றின் வேகத்தில் 30 சதவீதம் பிசகினால் டன் கணக்கும் அதே 30 சதவீதம் பிசகும். நிறமாலையில் நாள் முழுக்க மெனக்கெட்டுவிட்டு, தரையில் நட்ட காற்றுமானியின் எண்ணை அப்படியே பெருக்குவதை ஏற்கவே முடியாது. புகை செல்லும் உயரத்தில் காற்றின் வேகம் வேறு. காற்றோட்டத்தின் வழியில் முன்பின்னாக இரண்டு கருவிகளை நிறுத்தி, ஒரே ஏற்ற இறக்கம் ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்துசேரும் நேரத்தைப் பார்ப்பது மேல்.

2018-ல் கிலாவேயாவின் கீழ்க் கிழக்குப் பிளவுப் பகுதி வெடித்தபோது வேறொரு சிக்கல் வந்தது. புகை அவ்வளவு அடர்த்தி; வழக்கமான, 310 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் அதைக் கடந்து ஒளியே வரவில்லை. கருவிக்கு வந்ததெல்லாம் புகைக்குள் நுழையாமல் இடையிலேயே சிதறிய ஒளி. அதை நம்பினால் அளவு பல மடங்கு குறைந்து தெரியும். உறிஞ்சல் வலுவற்ற நீண்ட அலைநீளங்களுக்கு மாறிய பிறகுதான் உமிழ்வு நாளுக்கு லட்சக்கணக்கான டன் எனத் தெரிந்தது. ஆகவே இறுதி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூல நிறமாலைகளை அழித்துவிடாதீர்கள். வேறு அலைநீளத்தில் மறுபடி கணக்கிட அவை வேண்டும்.