ஓஸ்கியில் கை மட்டும் வேலை செய்தால் போதாது

பிரிட்டனுக்கு நர்ஸாக வரத் தயாராகும் தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி: "அக்கா, ஓஸ்கி ரொம்பக் கஷ்டமா?" ஓஸ்கி என்பது இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான செய்முறைத் தேர்வு. வருடக்கணக்கில் வார்டில் ஓடியாடி வேலை பார்த்தவர்களும் இதையே கேட்கிறார்கள். தெரிந்த வேலையைத்தான் செய்யப்போகிறோம், ஆனால் மதிப்பெண் போடுகிறவர் பக்கத்தில் நிற்பார். பயம் அங்கேதான். மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

இங்கே நர்ஸாக வேலை பார்க்க என்எம்சி, அதாவது பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினால் வாசிப்பு, கேட்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் அந்த மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். ஒரே தேர்வில் எல்லாம் கைகூடவில்லை என்றால், இரண்டு முறை எழுதியதைச் சேர்த்துக் காட்டவும் வழி இருக்கிறது, அதற்கும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. எழுத்தில் அரை மதிப்பெண் குறைந்ததற்காகக் கனவையே மூட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விதியை முதலில் படியுங்கள்.

அடுத்தது சிபிடி, கணினியில் எழுதும் தேர்வு. கணக்கில் 15 கேள்வி, நர்சிங்கில் 100. கணக்கைச் சின்னப் பகுதி என்று தள்ளி வைக்காதீர்கள். 1 லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற மணிக்கு 125 மில்லி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 62.5 மைக்ரோகிராம் மாத்திரை கையில் இருக்கிறது, எழுதியிருப்பது 0.125 மில்லிகிராம் என்றால் பலருக்குக் கை நின்றுவிடும். இரண்டு மாத்திரைதான். ஆனால் பரபரப்பில் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். இங்கே மருந்துச் சார்ட்டில் மைக்ரோகிராம், யூனிட் இரண்டையும் சுருக்காமல் முழுதாக எழுதச் சொல்வது இதனால்தான். இந்தப் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

காகித வேலையில் பொறுமைதான் தேவை. உங்கள் பதிவு செல்லுபடியாகிறது என்பதை உங்கள் ஊர் நர்சிங் கவுன்சில் நேரடியாக என்எம்சிக்கு உறுதிசெய்ய வேண்டும், நகலை நீங்கள் அனுப்பினால் செல்லாது. பாஸ்போர்ட்டில் விரிந்து நிற்கும் இனிஷியல் சான்றிதழில் ஓரெழுத்தாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இங்கே வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்சி நர்ஸிடம் பணம் கேட்கக் கூடாது என்று பிரிட்டன் அரசின் நடத்தை விதி சொல்கிறது. அந்த விதியைக் கடைப்பிடிக்கும் ஏஜென்சிகளின் பட்டியலை என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் என்ற அமைப்பு வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி ஓஸ்கி. மொத்தம் பத்து ஸ்டேஷன், அதாவது தனித்தனியாக மதிப்பெண் போடும் பத்துப் பகுதிகள். நான்கு ஒரே நோயாளியின் கதையாகத் தொடரும்: விசாரித்துப் பரிசோதிப்பது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்தவரிடம் ஒப்படைப்பது. நான்கு செய்முறைகள்: தசையில் ஊசி, கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயை எடுப்பது, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ, உடலுக்குள் போகும், வெளியேறும் திரவத்தின் கணக்கு மாதிரி ஏதாவது வரும். மிச்சம் இரண்டும் எழுத்து. ஒன்றில் தொழில் நெறி, இன்னொன்றில் ஓர் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்து நோயாளிக்கு என்ன சொல்வோம் என்று எழுதுவது.

நான் வந்தது ஐசியுவிலிருந்து. அங்கே என் நோயாளிகள் பெரும்பாலும் வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருப்பார்கள். ஷிப்ட் முழுக்க என் கைகள் பேசாமலே வேலை செய்யும். மானிட்டரைப் பார்ப்பேன், பம்பை மாற்றுவேன், சார்ட்டில் எழுதுவேன். பயிற்சி அறையில் எங்கள் எஜுகேட்டர் முதல் நாளே சொன்னது இது: "உன் மனசுக்குள்ளே நீ சரிபார்த்தது எனக்குத் தெரியாது. கண்ணால பார்த்தது, காதால கேட்டது, இது ரெண்டுக்குத்தான் மார்க் போட முடியும்."

அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். கை கழுவுகிறேன். என் பெயர் இது, நான் நர்ஸ். உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி சொல்லுங்கள், மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்க்கிறேன். ஏதாவது அலர்ஜி உண்டா? வலி இருக்கிறதா? பிபி பார்க்கலாமா? மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிபி, நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாம் எடுத்து, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் நியூஸ்-2 மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு வேலை முடியாது. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் மருத்துவரை அவசரமாகக் கூப்பிடுகிறேன் என்பதைச் சொல்லவும் வேண்டும். இதயம் நின்றவரைக் காப்பாற்றும் ஸ்டேஷனில் மார்பை அழுத்துவதற்கு முன்பே, மருத்துவமனைக்குள் அவசர எண்ணான 2222-ஐ அழைத்து எந்த வார்டு என்று சொல்லுங்கள் எனக் குரல் கொடுக்க வேண்டும்.

மருந்து ஸ்டேஷனில் சாதாரணமாக இருக்கும் சார்ட்டுக்குள் கவனிக்க வேண்டியது ஒளிந்திருக்கும். பென்சிலின் அலர்ஜி என்று மேலே இருக்க, கீழே பென்சிலின் வகை மருந்தான கோ-அமாக்ஸிக்லாவ் எழுதியிருக்கலாம். பாரசிட்டமால் கொடுத்து நான்கு மணி நேரம்கூட ஆகாமல் அடுத்த டோஸ் நேரம் வந்திருக்கலாம். அப்போது கொடுக்காமல் நிறுத்தி, ஏன் என்று நோயாளிக்குச் சொல்லி, சார்ட்டில் காரணம் எழுதி, மருத்துவருக்குத் தெரிவிப்பதே சரியான விடை. கொடுக்காத மருந்தும் நர்ஸின் வேலைதான் என்று இந்தத் தேர்வு ஒத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் தேர்வுக்கான நடிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது வயதானவர்கள் வார்டில் இருக்கிறேன். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள ஒருவரின் கையைச் சொல்லாமல் தொட்டால் உதறிவிடுவார், சில சமயம் அடிக்கவும் வருவார். எதிரே உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, பிபி பட்டையைச் சுற்றப்போகிறேன், கொஞ்சம் இறுக்கும் என்று சொன்னால் அவரே சட்டைக் கையை மடித்துவிடுகிறார். ஓஸ்கிக்காகப் பழகிய அதே வாக்கியங்கள்தான்.

ஆகவே புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்காதீர்கள். கூடப் படிக்கும் ஒருத்தியை நோயாளியாக உட்கார வைத்து, இன்னொருத்தியைத் தேர்வாளராக நிறுத்தி, கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். ஆள் கிடைக்காத நாளில் தலையணையைப் படுக்க வைத்துப் பேசுங்கள். பெயர், பிறந்த தேதி, அலர்ஜி மூன்றையும் கேட்காமல் மருந்துச் சார்ட்டைத் தொடாதீர்கள். தோற்றால், முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டுமா, தவறிய ஸ்டேஷன்களை மட்டுமா என்பது எத்தனை ஸ்டேஷன் போனது என்பதைப் பொறுத்தது. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. தேர்வுத் தேதி வந்துவிட்டவர்கள் கீழே எழுதுங்கள், ஷிப்ட் இல்லாத மாலைகளில் வீடியோ அழைப்பில் நானே தேர்வாளராக நிற்கிறேன்.