பாலத்தின் தொய்வை அளக்கும் கேமரா

காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணைப் பாலத்தில் வேலை. உத்திரத்தில் கறுப்பு வெள்ளை வட்டக் குறிகளை ஒட்டி, ஒரே குறி பல படங்களில் விழும்படி வெவ்வேறு கோணங்களிலிருந்து எடுக்கிறோம். பார்வைக் கோடுகள் சந்திக்கும் புள்ளியைக் கொண்டு குறியின் முப்பரிமாண இடத்தைக் கணினி கண்டுபிடித்துவிடும். மணல் லாரிகளை ஏற்றி நிறுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால், தொய்வு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். உத்திரத்தைத் தொட்டு அளக்கும் முள் கருவியான டயல் கேஜுக்காக ஆற்றுக்குள் சாரம் கட்டும் தொல்லை இல்லை.

ஆனால் பாலத்தைத் தொடாத, அசையாத ஒப்புக் குறிகள் கரையில் வேண்டும். அதில் சோம்பல்பட்டால் எல்லாம் வீண். வெயில் ஏறினால் உத்திரம் தானாகவே வளையும். அதனால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறோம்.

ஆடு ஓட்டி வந்த பெரியவர் கேட்டார்: “தூணுக்கு அடியில் வெள்ளம் மண்ணை அரித்திருந்தால் இது காட்டுமா தம்பி?”

காட்டாது ஐயா. கலங்கிய தண்ணீருக்குள் கேமரா குருடு. அதற்கு, ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிமானிதான் வர வேண்டும்.